இரத்த ரிப்போர்ட்டில் வெள்ளை அணுக்களை ஏன் ஐந்தாகப் பிரித்துப் போடுகிறார்கள்? ஒவ்வொன்றும் என்ன செய்கிறது?

கேள்வி கேட்டவரின் மகளுக்குக் காய்ச்சல் வந்து இரத்தம் சோதித்திருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் வெள்ளை அணு என்று ஒரு மொத்தக் கணக்கு, அதற்குக் கீழே ஐந்து பெயர், ஐந்து சதவீதம். "எல்லாம் கிருமியோடு சண்டை போடுகிறவைதானே, பிறகு எதற்கு ஐந்து பெயர்?" என்று கேட்டிருக்கிறார்.

நான் வைத்தியர் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு ஆய்வுகூடத்தில் இருபது வருசத்துக்கு மேலாக இந்த ஐந்தையும் எண்ணுவதுதான் என் பிழைப்பு. கார்த்திகை, மார்கழி மழை வந்தால் டெங்கும் வரும். அந்த இரண்டு மாதமும் ஊதா மூடி போட்ட இரத்தக் குப்பிகள் மேசையில் வரிசை கட்டி நிற்கும். அவற்றோடு சொந்தக்காரரும் அயலவரும் ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வருவார்கள். போன மழைக்கு முன்வீட்டு அன்ரி படலைக்குள் நின்றபடியே கேட்டா:

"தம்பி, இவனுக்கு வெள்ளை 2,800 எண்டு போட்டிருக்கினம். எதிர்ப்புச் சக்தியே இல்லையாமே?"

அன்ரிக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் நாங்கள் எப்படி எண்ணுகிறோம் என்று சொல்லிவிடுகிறேன். இப்போது மெசின் எண்ணித் தரும். ஆனால் மெசினுக்குச் சந்தேகம் வந்தால் பழைய முறைதான். கண்ணாடித் தட்டில் ஒரு துளி இரத்தம் வைத்து, இன்னொரு தட்டின் விளிம்பால் ஒரே இழுவையாக இழுக்கவேண்டும். சரியாக இழுத்தால் நாக்கு மாதிரி நீண்டு, நுனி மெலிந்து வரும். கை நடுங்கினால் வரிவரியாகிவிடும். காய்ந்த பிறகு லீஷ்மன் சாயம் ஊற்றி, தண்ணீர் சேர்த்துப் பத்து நிமிடம் விட்டுக் கழுவினால் தட்டு இளஞ்சிவப்பாகத் தெரியும். நுணுக்குக்காட்டியில் எண்ணெய் விட்டு நூறு மடங்கு வில்லையால் பார்க்கும்போது சிவப்பு அணுக்கள்தான் கண்ணுக்குள் நிறையும். கிட்டத்தட்ட எழுநூறு சிவப்புக்கு ஒரு வெள்ளை. நூறு வெள்ளை தேடிப்பிடித்து எண்ணி முடிக்கிற நேரத்தில் தேத்தண்ணி ஆறிப்போகும்.

பள்ளிக்கூடத்தில் வெண்குழியம், நடுநிலைநாடி, மூலநாடி என்றெல்லாம் படித்தோம். நல்ல பெயர்கள்தான், ஆனால் லாப்பில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. நியூட்ரோபில், லிம்போசைட், மொனோசைட், இயோசினோபில், பேசோபில் என்றே எழுதுகிறேன். இந்தப் பெயர்களில் பாதி சாயத்தால் வந்தவை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியில் போல் எர்லிக் என்பவர் துணிக்குப் போடுகிற சாயங்களை இரத்தத்தில் ஊற்றிப் பார்த்தார். இயோசின் என்ற சிவப்புச் சாயத்தைப் பிடித்துக்கொண்டது இயோசினோபில். காரச் சாயத்தைப் பிடித்தது பேசோபில். இரண்டு பக்கமும் சாயாதது நியூட்ரோபில்.

இனி வேலைக்கு வருவோம். அதற்கு என் சொந்தக் காலையே உதாரணமாக வைக்கிறேன். ஒருமுறை வேலி அடைக்கும்போது கிளுவை முள்ளு உள்ளங்காலில் ஏறி உள்ளே முறிந்துவிட்டது. செருப்புப் போடாததற்கு மனிசியிடம் வாங்கிய பேச்சு தனிக் கதை. முள்ளோடு மண்ணும் மண்ணிலிருந்த பக்டீரியாவும் உள்ளே போயிருக்கும்.

அந்த இடத்தில் முதலில் விழித்துக்கொள்வது இரத்தத்தில் இருக்கிற எந்த அணுவும் இல்லை. தோலுக்குக் கீழே ஏற்கெனவே குடியிருக்கிற மேக்ரோபேஜ் என்ற பெரிய அணுதான். அது பக்டீரியாவை விழுங்கத் தொடங்குகிறபோதே சில இரசாயனங்களையும் வெளியே விடும். அந்தச் செய்தி கிடைத்ததும் பக்கத்து இரத்தக் குழாய்கள் விரியும், உட்சுவர் ஒட்டும் தன்மையாகும். கால் சிவந்து, சுட்டு, வீங்கி, விண்விண் என்று குத்துவது இதனால்தான். கிருமி செய்வதைவிட நம் உடம்பு செய்வதுதான் அதில் அதிகம்.

குழாய்க்குள் ஓடிக்கொண்டிருந்த நியூட்ரோபில்கள் அந்த ஒட்டுகிற சுவரில் பட்டு உருண்டு, வேகம் குறைந்து, நின்று, பிறகு சுவரிலுள்ள இடுக்கு வழியாகத் தம் உடம்பை நெளித்து வெளியே வரும். நியூட்ரோபிலின் கரு இரண்டு முதல் ஐந்து துண்டாக, நூலில் கோத்த மணி மாதிரி இருக்கும். முழு உருண்டையாக இல்லாததால் இடுக்குக்குள் நுழைவது சுலபம் என்று எங்களுக்குப் படிப்பித்தவர் சொல்லுவார். வயது வந்தவரின் இரத்தத்தில் பாதிக்கு மேல் இவைதான். எலும்பு மச்சை ஒரு நாளைக்குப் பத்தாயிரம் கோடி அளவில் இவற்றைச் செய்து அனுப்புகிறது. ஆயுளும் குறைவு, வேலையில் இறங்கினால் அநேகமாகத் திரும்பி வருவதில்லை.

கிருமியை விழுங்கிய பிறகு நியூட்ரோபில் செய்கிற காரியம் எனக்கு இன்னமும் வியப்புத்தான். வெள்ளம் வடிந்த பிறகு இங்கே கிணறுகளுக்குக் குளோரின் தூள் போடுவார்கள் அல்லவா? தண்ணீரில் கரைந்ததும் அது ஹைப்போகுளோரஸ் அமிலத்தைத் தரும், கிருமியைக் கொல்வது அதுதான். நியூட்ரோபில் அதே அமிலத்தைத் தன் வயிற்றுக்குள் தானே தயாரித்துக் கிருமியைக் கொல்கிறது. அதற்கு உதவுகிற நொதியின் நிறம் பச்சை. மூன்றாம் நாள் என் காலில் சிதல் (சீழ்) பிடித்தபோது அது இளம்பச்சையாக இருந்ததற்கும் அதுவே காரணம். சிதல் என்பது பெரும்பாலும் செத்த நியூட்ரோபில்கள்தான். இன்னொரு வித்தையும் 2004இல் தெரியவந்தது. சில நியூட்ரோபில்கள் சாகும்போது தம் டி.என்.ஏ.யையே வலையாக வெளியே வீசிக் கிருமியைச் சிக்கவைக்கின்றன.

அடுத்து மொனோசைட். இரத்தத்தில் நூற்றுக்கு இரண்டு முதல் எட்டு. சிறுநீரக வடிவக் கரு, உருவில் எல்லாவற்றிலும் பெரியது. ஓரிரு நாள் இரத்தத்தில் சுற்றிவிட்டு இழையங்களுக்குள் இறங்கி மேக்ரோபேஜாக மாறும். நியூட்ரோபில்களின் பிணத்தையும் சிதைந்த இழையத்தையும் விழுங்கித் துப்புரவாக்குவதும், காயம் ஆறத் தொடங்கச் சமிக்ஞை கொடுப்பதும் இதன் வேலை.

அணுக்கள் கிருமியை விழுங்கித்தான் உடம்பைக் காக்கின்றன என்ற எண்ணமே ஒரு முள்ளில்தான் தொடங்கியது. 1882இல் இத்தாலியின் மெசீனா நகரில் இலியா மெச்னிக்கோவ், கண்ணாடி மாதிரி உள்ளெல்லாம் தெரிகிற நட்சத்திரமீன் குடம்பிக்குள் ரோசா முள்ளைக் குத்திவைத்தார். வீட்டார் சர்க்கஸ் பார்க்கப் போயிருந்த நேரம் அவருக்கு அந்த யோசனை வந்ததாம். மறுநாள் காலை பார்த்தால் முள்ளைச் சுற்றி அணுக்கள் மொய்த்திருந்தன. அவரும் சாயக்கார எர்லிக்கும் 1908இல் நோபல் பரிசைப் பங்கிட்டுக்கொண்டார்கள். எர்லிக்கின் கட்சி வேறு: இரத்தத்தில் கரைந்திருக்கிற பொருள்தான் காக்கிறது, அணு அல்ல என்பது. இரண்டு பேர் சொன்னதும் சரி.

எர்லிக் சொன்ன அந்தப் பொருளுக்கு வர லிம்போசைட்டிடம் போகவேண்டும். நாலாம் நாள் என் கவட்டில் நெறி கட்டியது. "கால்லதானே முள்ளு, கவட்டில ஏன் நோகுது" என்று அம்மா கேட்டா. காலில் இருந்த டென்ரிட்டிக் அணுக்கள் என்ற தூதர்கள் கிருமியின் துண்டுகளை எடுத்துக்கொண்டு நிணநீர்க் குழாய் வழியாகக் கவட்டு முடிச்சுக்குப் போய், அங்கே கூடியிருக்கிற லிம்போசைட்களுக்குக் காட்டும். ஒவ்வொரு லிம்போசைட்டும் ஏதோ ஒரு வடிவத்தை மட்டும் அடையாளம் காணப் பிறந்தது. இலட்சக்கணக்கானவை பார்த்துவிட்டுச் சும்மா போகும். பொருந்துகிற ஒன்று வந்தால் அது நின்று பெருகத் தொடங்கும். அந்தப் பெருக்கத்துக்கு நாலைந்து நாள் எடுக்கும். முடிச்சு வீங்குவது அதனால். நியூட்ரோபில் மணிக்கணக்கில் வந்துவிடும், லிம்போசைட் நாள்கணக்கில்தான் வரும்.

நுணுக்குக்காட்டியில் எல்லா லிம்போசைட்டும் ஒன்றுபோலத்தான், பெரிய வட்டக் கருவும் சுற்றிவர மெல்லிய நீலக் கரையும். ஆளைப் பார்த்துப் பிரிக்கமுடியாது. வேலை ஒவ்வொன்றுக்கும் வேறு. பி அணுக்கள் பிளாஸ்மா அணுவாக மாறி, கிருமியில் ஒட்டிக்கொள்கிற அன்டிபொடி என்ற புரதத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கில் கொட்டும். எர்லிக்கின் கரைந்திருக்கிற பொருள் அதுதான். உதவி டி அணுக்கள் மற்றவர்களை ஏவும். எச்.ஐ.வி. வைரஸ் அழிப்பது இவற்றை, அதனால்தான் முழு அமைப்பும் சரிகிறது. கொல்லும் டி அணுக்கள், வைரஸ் புகுந்த நம் சொந்த அணுக்களைத் தேடிக் கொல்லும். என்.கே. அணுக்களும் அதையே செய்யும், ஆனால் அறிமுகத்துக்குக் காத்திருக்காது.

வேலை முடிந்ததும் பெருகியவற்றில் பெரும்பகுதி செத்துப்போகும். கொஞ்சம் நினைவு அணுக்களாகத் தங்கும். பீட்டர் பானும் என்ற டென்மார்க் வைத்தியர், 1846இல் பாரோ தீவுகளில் சின்னமுத்து (மீசில்ஸ்) பரவியபோது ஒரு விசயத்தைக் கவனித்தார். 1781இல் அங்கே வந்த சின்னமுத்தைச் சிறுவயதில் கண்ட முதியவர்களுக்கு, 65 வருசம் கழித்தும் அது திரும்ப வரவில்லை. முள்ளுக் குத்தினால் ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட்டுக்கொள்வதும் இந்த நினைவைத் தட்டி எழுப்பத்தான்.

மிச்சம் இரண்டு. இயோசினோபில், செம்மஞ்சள் மணிகள் நிறைந்தது, தட்டில் பார்க்க இதுதான் வடிவு. புழு மாதிரி விழுங்கமுடியாத பெரிய எதிரிக்குப் பக்கத்தில் போய் அந்த மணிகளை மேலே கொட்டும். ஆஸ்துமா, ஒவ்வாமைக்காரரிடமும் கூடும். பேசோபில் நூற்றுக்கு ஒன்றுகூட இராது. ஹிஸ்டமின் விடும், ஒவ்வாமையில் பங்குண்டு. கண்டால் பக்கத்து மேசைக்காரியைக் கூப்பிட்டுக் காட்டுவேன்.

இனி அன்ரியின் 2,800. ஒரு மைக்ரோலீற்றரில் 4,000 முதல் 11,000 வரை சாதாரணம் என்பதால் அது குறைவுதான். ஆனால் மேலே சொன்ன முள்ளுக் கதையில் சண்டை எங்கே நடந்தது என்று பாருங்கள். காலிலும் கவட்டிலும். இரத்தம் வெறும் வீதி. உடம்பிலுள்ள லிம்போசைட்களில் நூற்றுக்கு இரண்டு அளவுதான் எந்த நேரமும் இரத்தத்தில் இருக்கும். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் நின்று தலையை எண்ணிவிட்டு ஊர்ச் சனத்தொகை சொல்வது மாதிரித்தான் எங்கள் ரிப்போர்ட். வீதியில் கூட்டம் கூடினாலும் ஊரில் சனம் கூடிவிட்டதாக ஆகாது. நியூட்ரோபில்களில் ஏறக்குறைய பாதி குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். முட்டுக்கு, அதாவது ஆஸ்துமாவுக்கு, பிரெட்னிசோலோன் என்ற மருந்து குடிப்பவருக்கு அவை சுவரை விட்டு ஓட்டத்தில் இறங்கும். கணக்கு 14,000, 15,000 என்று ஏறும். கிருமி ஒன்றும் இராது.

டெங்குவில் வைரஸ் எலும்பு மச்சையைக் கொஞ்ச நாள் அடக்கிவைக்கும். அதனால் வெள்ளை இறங்கும், பின்னால் இரத்தத்தை உறையவைக்கிற பிளேட்லெட்டும் இறங்கும். எதிர்ப்புச் சக்தி இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. அன்ரியின் பெடியனின் தட்டை நானே பார்த்தேன். நியூட்ரோபில் குறைந்து லிம்போசைட் கூடத் தொடங்கியிருந்தது. அவற்றில் சில வழக்கத்தைவிடப் பெருத்து, கரும் நீல விளிம்போடு, பக்கத்துச் சிவப்பு அணுக்களைக் கட்டிப்பிடித்த மாதிரி வளைந்து கிடந்தன. வைரஸைக் கண்டு வேலையில் இறங்கிய லிம்போசைட்கள் அவை.

"அப்ப பயமில்லை என்ன?" என்றா அன்ரி.

அப்படியும் சொல்லமுடியாது. டெங்குவில் வைத்தியர்கள் பயப்படுவது வெள்ளையை எண்ணி அல்ல, குழாய்களிலிருந்து நீர் கசிவதை எண்ணி. அதற்குப் பிளேட்லெட்டையும், இரத்தத்தில் சிவப்பு அணுக்களின் பங்கைச் சொல்கிற பி.சி.வி.யையும் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். காய்ச்சல் விடுகிற நேரம்தான் கவனமான நேரம். சுகமாயிட்டுது என்று வீட்டுக்குக் கூட்டிப்போகிறவர்களை எத்தனையோ பேர் கண்டிருக்கிறேன். பப்பாசி இலைச் சாறு பற்றியும் கேட்டா. குடிக்கத் தொடங்குகிற நாளும், பிளேட்லெட் தானாக ஏறத் தொடங்குகிற நாளும் பெரும்பாலும் ஒன்றாக வந்துவிடும், பெயர் பப்பாசிக்குப் போகும்.

பெடியனை அன்றைக்கே ஆஸ்பத்திரியில் மறித்துவிட்டார்கள். ஏழாம் நாள் வெள்ளை 5,100. ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகு அன்ரி இன்னொரு கேள்வி கேட்டா. நல்ல கேள்வி.

"இனி இவனுக்கு நினைவு அணு இருக்குமெல்லே? திரும்ப டெங்கு வராதே?"

டெங்கு வைரஸில் நாலு வகை. வந்த வகைக்கு நினைவு நிற்கும். வேறு வகை வந்தால் பழைய அன்டிபொடி அதில் அரைகுறையாகத்தான் ஒட்டும், கொல்லாது. அன்டிபொடி ஒட்டியதை மேக்ரோபேஜ் தன் வழக்கப்படி விழுங்கும். டெங்கு வைரஸுக்குப் பெருகப் பிடித்த இடங்களில் ஒன்று அந்த மேக்ரோபேஜின் வயிறுதான். அதனால் இரண்டாவது டெங்கு முதலாவதைவிடக் கடுமையாக வரலாம்.

அன்ரி கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப உந்த ரோசாச் சாடியளுக்குக் கீழ தட்டு வைக்கேலாது" என்று சொல்லிக்கொண்டு எழும்பிப் போனா.