தோட்டம் இருக்கட்டும், பெண் கணக்குப் படிக்கட்டும்

முசிறிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா மகளோடு என்னிடம் யோசனை கேட்க வந்திருந்தார். பெண் பிளஸ் டூ. மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று பெரியப்பா முடிவு செய்துவிட்டார். பணத்துக்கு வாழைத் தோட்டத்தை அடமானம் வைக்கப் பேச்சும் முடிந்துவிட்டது. பெண்ணோ கணக்குதான் படிப்பேன் என்கிறாள். "கணக்கு படிச்சா டியூஷன் எடுக்கிறதைத் தவிர என்ன சார் இருக்கு?" என்று அம்மா கண் கலங்கினார்.

பயப்படாதீர்கள் என்றுதான் ஆரம்பித்தேன். அப்புறம் அந்தப் பெண் தினசரி காலண்டரில் கிழித்த ஒரு தாளைக் காட்டினாள். 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கூட்டினால் ஏன் எப்போதும் வர்க்க எண்ணே வருகிறது என்று அதன் பின்பக்கத்தில் புள்ளிகளை அடுக்கி அடுக்கி நிறுவியிருந்தாள். யாரும் சொல்லித்தரவில்லை. இந்தப் பிள்ளையை வேறு படிப்பில் தள்ளத் தோட்டத்தை அடமானம் வைப்பது தப்பு அம்மா, வைக்காதீர்கள்.

இன்ஜினீயரிங் கவுன்சலிங் பற்றி உங்கள் தெருவிலேயே பத்துப் பேர் சொல்வார்கள். யாரும் சொல்லாத ஓர் இடம் சிறுசேரியில் இருக்கிறது, சென்னைக் கணிதவியல் கழகம். அங்கே பி.எஸ்சி. ஆனர்ஸில் கணிதத்தோடு கம்ப்யூட்டர் சயின்ஸும் சேர்ந்தே வருகிறது. பெரியப்பாவிடம் அதை முதலில் சொல்லுங்கள். ஜே.இ.இ. தேவையில்லை, அவர்களே நுழைவுத் தேர்வு வைக்கிறார்கள். ஒரு பகுதி குறுவிடை. இன்னொரு பகுதியில் வெறும் விடை போதாது, ஏன் என்று முழுதாக எழுத வேண்டும். காலண்டர் தாளில் அவள் செய்தது அதைத்தான். பழைய வினாத்தாள்கள் அவர்கள் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கட்டணம் உண்டு, சலுகைக்கும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

கணக்கு வாத்தியார் எவ்வளவு தூரம் போவார் என்று பெரியப்பா கேட்டால், அந்த இடத்தை உருவாக்கியவரின் கதையைச் சொல்லுங்கள். சி.எஸ்.சேஷாத்ரி 1932-இல் காஞ்சிபுரத்தில் பிறந்தவர். லயோலாவில் கணிதம் படித்துவிட்டு 1953-இல் மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். எம்.எஸ்.நரசிம்மனோடு 1965-இல் அவர் வெளியிட்ட தேற்றம் இருவர் பெயரிலும் உலகெங்கும் வழங்குகிறது. 1989-இல் சென்னையில் சின்னதாக ஒரு கணித ஆராய்ச்சிப் பள்ளியைத் தொடங்கினார், அதுதான் பின்னாளில் இந்தக் கழகம் ஆனது. பிறகு இளங்கலை வகுப்பு வந்தது. சொந்தமாகப் பட்டம் கொடுக்கும் உரிமை அப்போது இல்லை. மத்தியப் பிரதேசத்துத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியாகத்தான் பட்டம் கொடுத்தார்கள். 2006-இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது, பட்டம் கொடுக்கும் உரிமையும் வந்தது. இயக்குநராக இருந்த காலத்திலும் அவர் கணக்கை விடவில்லை.

எல்லோரும் சேஷாத்ரி ஆக மாட்டார்கள், சரி. எம்.எஸ்சி. முடித்து நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி வாங்கினால் பிஎச்.டி. சேர்ந்ததும் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை வரும். அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700. பேராசிரியராகப் பத்தாண்டு அனுபவம் இருந்தால் துணைவேந்தர் பதவிக்கே விண்ணப்பிக்கலாம் என்கின்றன பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூ.ஜி.சி.) 2018 விதிகள்.

வருடங்கள் ஆகும், மறைக்கவில்லை. ஆனால் அந்த வருடங்களில் உங்கள் தலையில் வட்டி ஏறாது.

அடுத்த வாரம் பெரியப்பாவையும் கூட்டி வாருங்கள். அந்தக் காலண்டர் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். அவர் முன்னால் அவளே அதை விளக்கட்டும்.