பங்காளிகள் சம்மதிக்காமல் ஓலை வாசிக்க மாட்டார்கள்

கேள்வி: நாங்கள் நாகர்கோவில் பக்கத்து சி.எஸ்.ஐ. குடும்பம். நைஜீரியாவில், லாகோஸில் வேலை பார்க்கும் என் மகன் இமோ மாநிலத்து எம்பைசே ஊர்க் கத்தோலிக்கப் பெண்ணைத் திருமணம் செய்ய விரும்புகிறான். நாங்கள் கொண்டுவர வேண்டிய சீர் என்று பெண் வீட்டார் 4 பக்கத்துக்குப் பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். ஊர்ச் சடங்கு முடியாமல் கோவிலில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்க முடியாது என்கிறார் பங்குத்தந்தை. பணம் கொடுத்தால் ஆயரிடம் பேசிச் சடங்கு இல்லாமலே முடித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். சடங்கில் வைக்கிற கோலா கொட்டை, கள் எல்லாம் விக்கிரக ஆராதனை ஆகிவிடாதா என்றும் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: ஐயா, முதலில் அந்த ஆளுக்கு ஒரு நைரா கூடக் கொடுக்காதீர்கள். ஆயரிடம் பேசி முடிக்கிற விஷயமே இல்லை இது. இமோவில் 11 வருஷம் குருமடத்தில் பாடம் சொன்னவன் நான், தெரிந்துதான் சொல்கிறேன்.

உங்கள் சம்பந்தி ஊரில் ஆயர் பதவிக்கே என்ன நடந்தது என்று பாருங்கள். எம்பைசே மக்களுக்கான மறைமாவட்டத்தின் பெயர் அஹியாரா. 2012 டிசம்பரில் போப் பதினாறாம் பெனடிக்ட் அதற்கு பீட்டர் ஒக்பலேக்கேயை ஆயராக நியமித்தார். அவரும் இக்போ இனத்தவர்தான், அதே மொழிதான். ஆனால் பக்கத்து அனம்ப்ரா மாநிலத்துக்காரர். எங்கள் மண்ணில் பிறந்த குருக்கள் இத்தனை பேர் இருக்க வெளியூர்க்காரர் எதற்கு என்று குருக்களும் மக்களும் சேர்ந்து எதிர்த்தார்கள். 2013 மே மாதம் அவருடைய ஆயர் திருநிலைப்பாட்டை மறைமாவட்டத்துக்கு வெளியே ஒரு குருமடத்தில் வைத்து நடத்த வேண்டியதாயிற்று. 2017 ஜூனில் போப் பிரான்சிஸ், 30 நாளுக்குள் ஒவ்வொரு குருவும் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுத வேண்டும், இல்லாவிட்டால் பணியிலிருந்து நிறுத்தப்படுவீர்கள் என்றார். கடிதங்கள் ரோமுக்குப் போயின. ஆனாலும் 2018 பிப்ரவரியில் விலகியது ஒக்பலேக்கேதான். பிற்பாடு அவர் எக்வுலோபியாவின் ஆயரானார், 2022இல் கர்தினாலும் ஆனார். எம்பைசேயில் மட்டும் அவரால் உட்கார முடியவில்லை. அந்தக் குருக்கள் செய்தது தவறு என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் போப் அனுப்பிய ஆயரையே ஏற்காத ஊரில், ஆயரின் சிபாரிசோடு ஒரு மாப்பிள்ளை நுழைந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அங்கே கல்யாணம் உமுன்னாவின் கையில் இருக்கிறது. உமுன்னா என்றால் நம் பங்காளிகள்தான்: ஒரே பாட்டன் வழி வந்த ஆண்கள். அந்தக் குடும்பத்தில் பிறந்து வெளியூரில் வாழ்க்கைப்பட்ட பெண்கள் உமுவாடா. இவர்கள் சம்மதித்து, பரிசம் பேசி, கள் பகிர்ந்த பிறகுதான் பெண் கல்யாணமானவள். பங்குத்தந்தை பிடிவாதக்காரர் இல்லை ஐயா. இக்போ நாட்டின் பெரும்பாலான கத்தோலிக்கப் பங்குகளில் இதுதான் வழக்கம். பங்காளிகள் ஏற்காத பெண்ணுக்கு அவர் தாலி ஆசீர்வதித்தால் (அங்கே மோதிரம்) அடுத்த ஞாயிறு அவர் முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள்.

அப்புறம் அந்தப் பட்டியல். காச்சில் மாதிரியான யாம் கிழங்கு இத்தனை, ஆடு, பீர், மால்ட் பெட்டிகள், நார்வேயிலிருந்து வருகிற உப்பில்லாக் கருவாடு, மூக்குப்பொடி, தாய்க்குச் சேலைத்துணி. இதெல்லாம் வழக்கமாக இருப்பவை, பேரம் பேசக்கூடியவை. பரிசப் பணத்தில் ஒரு பகுதியை, எங்கள் பெண்ணை நாங்கள் விற்கவில்லை என்று சொல்லித் திருப்பித் தருவதும் உண்டு. ஜெனரேட்டர், ஐபோன் என்று இருந்தால் அது வேறு யாரோ சேர்த்தது. எனக்குத் தெரிந்த ஒரு தமிழ்ப் பையனிடம், மொழிபெயர்க்க வந்த ஆள் பட்டியலையே திரும்ப டைப் செய்து ஒரு ஃப்ரிட்ஜைச் சேர்த்துவிட்டான். பெண்ணின் தகப்பனார் சடங்கன்று ஃப்ரிட்ஜைப் பார்த்துவிட்டு, "இது யாருக்கு?" என்று கேட்டார். ஆகவே பட்டியலைப் பெண்ணின் தகப்பனார் கையால், அவர் எழுதிய அசலாக வாங்குங்கள். மகன் சார்பில் பேச, பெண்ணின் ஊர்க்காரர் அல்லாத, வயதில் மூத்த இக்போ நண்பர் ஒருவரை அழைத்துப் போங்கள். கூலி கேட்பவர் வேண்டாம். கல்யாணத்துக்குத் தடையாகச் சாபம் இருக்கிறது, கழித்துத் தருகிறேன் என்று வரும் தீர்க்கதரிசிகளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். லாகோஸில் அவர்களுக்குப் பஞ்சமே இல்லை.

சட்டம் கேட்காதா என்பீர்கள். 1956இலேயே அன்றைய கிழக்கு நைஜீரிய அரசு பரிசத்துக்கு 30 பவுண்டு என்று உச்சவரம்பு போட்டது, யார் கேட்டார்கள்? அதே வருஷம் ஓசு என்ற தீண்டாமையை ஒழிக்கவும் சட்டம் போட்டது. ஓசு குடும்பத்தில் பெண் எடுக்க இன்றைக்கும் தயங்குகிறார்கள், பூசைக்குப் பக்கத்துப் பக்கத்தில் முழந்தாளிடுகிறவர்களே. இந்தக் கொடுமையைப் பீடத்திலிருந்து பேசும் குருக்கள் இருக்கிறார்கள், ஆனால் போதாது. சில பங்குகளில் பெண் வீட்டார் கோவில் வரி பாக்கி வைத்திருந்தாலும் ஓலை நிற்கிறது. எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான்.

பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பெண்ணின் தாய்க்குப் பரிசம் கட்டி முடித்தாயிற்றா என்று கேளுங்கள். கட்டியிருக்காவிட்டால் மகளுக்குப் பரிசம் வாங்கத் தகப்பனுக்கு உரிமை இல்லை, அது தாயின் பிறந்த வீட்டுக்குப் போக வேண்டியது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள், வெட்கம். நான் பார்த்த ஒரு கல்யாணத்தில் பந்தல் நிறைந்திருந்தது, கள் குடம் நடுவில் வந்துவிட்டது. பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர் கைத்தடியை ஊன்றி எழுந்தார். பெண்ணின் தாய்மாமன். "என் தங்கைக்குக் கொண்டுவர வேண்டிய கள் 26 வருஷமாக வழியில் இருக்கிறது. அது வந்து சேரட்டும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையை வெயிலில் நிற்க வைத்துவிட்டு, தகப்பனார் ஆடும் பணமும் ஏற்பாடு செய்து அங்கேயே மச்சான் கையில் கொடுத்தார். சாயங்காலம்தான் மகளின் சடங்கு தொடங்கியது. அந்தத் தாய் அன்று உடுத்தியிருந்தது மகளுடையதைவிடப் புதுத் துணி. கோவிலில் கல்யாணம் முடித்தவர்கள்தானே, அந்தப் பாக்கி எப்படி இருக்கும் என்று நினைக்காதீர்கள். அவர்களும் கோவிலில் முடித்தவர்கள்தான். உங்கள் பக்கத்துப் பெரியவர் முதல் சந்திப்பிலேயே, இக்கு அகா என்று கதவு தட்டப் போகும்போதே, பணிவாக இதைக் கேட்டுவிட வேண்டும். தாய் இறந்திருந்தாலும் கேட்க வேண்டும். பாக்கி இருந்தால் அதைக் கட்டுவது உங்கள் மகன் பொறுப்பு இல்லை, தகப்பனார் பொறுப்பு. கட்டி முடிக்கும்வரை தேதி குறிக்காதீர்கள்.

விக்கிரக ஆராதனை பயத்துக்கு வருகிறேன். கோலா கொட்டை விருந்தாளிக்கு நீட்டும் வெற்றிலைத் தட்டு மாதிரி. கோலா கொண்டுவருகிறவன் உயிரைக் கொண்டுவருகிறான் என்பது அவர்கள் சொல்வழக்கு. மூத்தவர் இக்போ மொழியில் ஜெபித்து உடைப்பார். கோலாவுக்கு ஆங்கிலம் புரியாது என்பார்கள். கத்தோலிக்க வீட்டில் அந்த ஜெபம் பெரும்பாலும் இயேசுவின் பெயரால் முடியும். யாராவது முன்னோருக்கென்று கள்ளைத் தரையில் ஊற்றினால் நீங்கள் அமைதியாக நின்றால் போதும். கோலாவை உங்கள் மனைவி தொட்டு உடைக்க வேண்டாம், அது ஆண்கள் வேலை என்பது அங்கே வழக்கம். 1969இல் கம்பாலாவில் போப் ஆறாம் பவுல், உங்களுக்கென ஓர் ஆப்பிரிக்கக் கிறிஸ்தவம் இருக்கலாம், இருக்கவும் வேண்டும் என்று ஆயர்களிடம் சொன்னது இப்படிப்பட்ட காரியங்களை மனதில் வைத்துத்தான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

கோவில் வேலை சுலபம். சி.எஸ்.ஐ. ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்கிறது. மறுபடி ஞானஸ்நானம் எடு, மதம் மாறு என்று எந்த உபதேசியார் சொன்னாலும் கேட்காதீர்கள். கலப்புத் திருமணத்துக்கு ஆயரின் அனுமதி வேண்டும். அதைப் பங்குத்தந்தையே எழுதி வாங்குவார். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க முயல்வேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டியது பெண். உங்கள் மகனுக்கு அது தெரிந்திருந்தால் போதும். உங்கள் சபைப் போதகரிடமிருந்து ஞானஸ்நானச் சான்றும், அவன் மணமாகாதவன் என்ற கடிதமும் இப்போதே வாங்கி அனுப்புங்கள்.

சடங்கன்று பெண் கோப்பையில் கள்ளோடு கூட்டத்துக்குள் அவனைத் தேடுவாள். இளைஞர்கள் இங்கே வா, இங்கே வா என்று கை நீட்டிக் குழப்புவார்கள். அவள் தன்னிடம் வந்து, ஒரு வாய் குடித்துவிட்டு நீட்டும்போது அவன் இரு கையாலும் வாங்க வேண்டும். கள் வேண்டாம் என்றால் பழச்சாறு வைக்கச் சொல்லி முதல் நாளே பேசிவிடுங்கள், பலர் அப்படிச் செய்கிறார்கள். குடித்துவிட்டுக் கோப்பையில் பணம் போட வேண்டும். சட்டைப்பையில் புது நோட்டாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.