எதிரொலியை வாசிப்பது யார்?

அன்புள்ள ஐயா,

பத்து வருடம் மிருதங்கம் கற்றவன் நான். கச்சேரி செய்யும் அளவுக்கு இல்லை. என் மகன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். ஒரு கிட்டார், காலடியில் அதன் ஒலியை மாற்றும் ஏழு பெடல்கள். எட்டாவதுக்கு 320 வெள்ளி கேட்கிறான். கேட்டால் யூ2 ராக் குழுவின் கிட்டார் கலைஞர் எட்ஜைக் காட்டுகிறான். ஒருநாள் பெடலை அணைத்துவிட்டு வாசிக்கச் சொன்னேன். டிங், டிங் என்று இரண்டு சுரம், அவ்வளவுதான். மிதித்ததும் அருவியாகக் கொட்டுகிறது. மெஷின் வாசிக்கிறது, இவன் பெயர் வாங்குகிறான் என்று எனக்குப் படுகிறது. மாண்டலின் ஸ்ரீநிவாஸைக் கேட்டு வளர்ந்த காது இது. நான்தான் பழைய ஆளாகிவிட்டேனா?

(பெயர் வேண்டாம்), ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

பழைய ஆள்தான். ஆனால் மிருதங்கம் படித்த பழைய ஆள், அதனால் எனக்கு வேலை பாதியாகக் குறைகிறது.

ஒரு தட்டை நாலாகப் பிரித்துத் தகதிமி என்று சொல்லிப் பாருங்கள். உங்கள் மகனின் கை ‘த’விலும் ‘தி’யிலும் மட்டும் விழுகிறது. டிலே பெடலில் எதிரொலி வரும் நேரத்தை முக்கால் தட்டுக்கு வைத்திருப்பான். ‘த’வில் மீட்டியது ‘மி’யில் திரும்பி வரும். ‘தி’யில் மீட்டியது அடுத்த தட்டின் ‘க’வில் வரும். கை விட்ட இடங்கள் இரண்டும் நிரம்பிவிட்டன. இதுதான் நீங்கள் கேட்ட அருவி. நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் ஒரு தட்டு 500 மில்லிசெகண்ட், எதிரொலி 375இல் வரவேண்டும். அதையே அரைத் தட்டுக்கு, 250க்கு, வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எதிரொலி அவன் கை விழும் இடத்திலேயே வந்து விழும். புதிதாக ஒன்றும் கிடைக்காது. அந்த முக்காலில்தான் விஷயம் இருக்கிறது.

இப்போது ஏமாற்று வேலைக்கு வருகிறேன். மெஷின் 375 என்றால் 375தான், யாருக்காகவும் காத்திருக்காது. கை கொஞ்சம் முந்தினாலும் எதிரொலி தப்பான இடத்தில் விழுந்து, அடுத்த அடியோடு மோதிச் சகதியாகிவிடும். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடல் பல குற்றங்களை மூடி மறைக்கும், ஒப்புக்கொள்கிறேன். டிலே மறைக்காது. நீங்கள் செய்த லயப்பிழையை உங்களிடமே இன்னொரு முறை வாசித்துக் காட்டும். உங்கள் குருநாதர்கூட அவ்வளவு கறாராக இருந்திருக்க மாட்டார்.

எட்ஜ் இதை 1980இல் வந்த முதல் ஆல்பமான ‘பாய்’ காலத்திலேயே பிடித்துவிட்டார். அப்போது அவரிடம் இருந்தது ஒரு கிப்சன் எக்ஸ்புளோரர் கிட்டார், வாக்ஸ் ஏசி30 ஆம்ப் (ஒலிபெருக்கி), மெமரி மேன் என்ற எதிரொலிப் பெட்டி. எதிரொலியோடு சேர்ந்து வாசிப்பவனால் நிறைய சுரம் போட முடியாது, எல்லாம் கலந்துவிடும். ஆகவே சுரங்களைக் குறைத்தார். மற்ற கிட்டார்காரர்கள் வேகத்தைக் காட்டிக்கொண்டிருந்த காலத்தில் அவருடைய பாணி இப்படித்தான் உருவானது. 1987இல் ‘தி ஜோஷுவா ட்ரீ’ வந்தது. அதன் முதல் பாட்டு ‘வேர் தி ஸ்ட்ரீட்ஸ் ஹேவ் நோ நேம்’, உங்களுக்காகவே போட்டது போல இருக்கும். கிட்டார் ஆறு ஆறு சுரமாகச் சுற்றிக்கொண்டே வரும், நம் கணக்கில் திஸ்ர ஓட்டம், மூன்று மூன்றாக. பிறகு டிரம்ஸும் பேஸும் சேர்ந்து ஏறும்போது பாட்டு சதுஸ்ரத்துக்கு, நாலு நாலாக, மாறியிருக்கும். எந்த இடத்தில் மாறியது என்று தொடையில் தட்டிக்கொண்டே கேளுங்கள். நான் மூன்று முறை தவறவிட்டேன்.

2019 டிசம்பர் 1ஆம் தேதி தேசிய விளையாட்டரங்கில் அந்த ஆல்பம் முழுவதையும் வாசித்தார்கள். நான் மலிவு டிக்கெட்டில் மேலே உட்கார்ந்திருந்தேன், ஆட்கள் எறும்பளவு. திரையில் எட்ஜின் வலது கையைப் பெரிதாகக் காட்டியபோது, இவ்வளவு சத்தத்துக்கு இவ்வளவு சின்ன அசைவா என்று இருந்தது. இன்னொன்று. ஜெர்மனியில் செய்த ஹெர்டிம் என்ற பிக்தான், தந்தியை மீட்டும் சின்னத் தகடுதான், அவர் பிடிப்பது. விரல் வழுக்காமலிருக்க அதில் ஒரு பக்கம் பொடிப் பொடியாக மேடு இருக்கும். அவர் அதைத் திருப்பிப் பிடித்து, அந்தச் சொரசொரப்பால் தந்தியை உரசுகிறார். அந்த மணியோசையில் ஒரு சின்ன கரகரப்பு கேட்கிறதே, அது எந்தப் பெடலிலும் கிடையாது.

ஸ்ரீநிவாஸ் வாசித்ததும் மின்சார மாண்டலின்தானே? இரட்டைத் தந்திகளை ஒற்றையாக்கி, ஐந்து தந்தி போட்டு, ஆம்ப் வைத்து வாசித்தார். அதை நாம் ஏமாற்று என்று சொல்லவில்லை. கமகம் கையில் இருந்தது.

எனக்கும் ஒரு கதை உண்டு. வெகுநாள் முன்பு சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில், அந்தச் சந்தை 2017இல் மூடப்பட்டதற்கு ரொம்ப முன்னால், பழைய டிலே பெடல் ஒன்றை 40 வெள்ளிக்கு வாங்கிவந்தேன். வீவக வீட்டில் சத்தம் போட முடியாது, ஆம்பின் சத்தத்தை ஒன்றில் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பேன். அம்மா அடுப்படியிலிருந்து கேட்டார்: “உள்ளே யாருடா, நீ வாசிச்சதையே திருப்பி வாசிக்கிறது?” கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் அன்று என் கை தாளத்தில் இல்லை. திருப்பி வாசித்தவன் மட்டும்தான் சரியாக வாசித்தான்.

சரி, 320 வெள்ளி. இதில் நான் உங்கள் கட்சி. எட்ஜ் இன்று மேடைக்குக் கொண்டுவரும் சாமான்களைக் காட்டி எட்டாவது பெடல் கேட்பது செல்லாது. அவருடைய ஒலி பிறந்தது ஒரு பெட்டியில். ஏழில் டிலேயை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மூன்று மாதம் அலமாரியில் வைக்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து மிருதங்கம் வாசியுங்கள். அவன் 375இல் நிற்க வேண்டும், நீங்கள் 120இல் நிற்க வேண்டும். யார் முதலில் நழுவுகிறார் என்று பாருங்கள். மூன்று மாதம் கழித்தும் ஏதோ ஒன்று இல்லாமல் கை அரித்தால், கிட்டார் கடைகள் இருக்கும் பெனின்சுலா ஷாப்பிங் சென்டருக்குக் கூட்டிப்போய் வாசித்துப் பார்த்தே வாங்குங்கள். அல்லது பழைய பொருள் விற்கும் கரௌசல் செயலியில் பாதி விலைக்குத் தேடுங்கள், நேற்று ஆசைப்பட்டு இன்று விற்பவர்கள் ஏராளம்.

பழையதாக வாங்கினால் ஒன்று. பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ். அடாப்டரில் அந்தக் குறியைப் பார்த்துவிட்டுச் செருகச் சொல்லுங்கள். சுங்கை ரோட்டுப் பெடலை நான் பழைய ரேடியோ அடாப்டரில் செருகித்தான் கருக்கினேன்.