வாசகர் கேள்வி – பதில்: கோடை விடுமுறையில் வீடு நிறைய உறவு

சித்திரை பிறந்துவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே பொருளைச் சுற்றியே அமைகின்றன: யார் வீட்டுக்கு யார் வருகிறார்கள், எத்தனை நாள் தங்குவார்கள், அதுவரை எப்படிச் சமாளிப்பது. அவற்றுள் சிலவற்றுக்கு இம்முறை பதில் தருகிறோம்.

கேள்வி: சென்னை வேளச்சேரியில் இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீட்டில் வசிக்கிறோம். கணவரின் அண்ணன் குடும்பத்தினர் நால்வர் மே மாதத்தில் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எந்தத் தேதியில் வந்து எந்தத் தேதியில் திரும்புவார்கள் என்பதைச் சொல்லவில்லை. கேட்டால் மனம் கோணுவார்களோ என்று தயங்குகிறேன். எங்கள் குடியிருப்போ கோடையில் தண்ணீர் லாரியை நம்பித்தான் இருக்கிறது.

பதில்: கேட்கத்தான் வேண்டும்; ஆனால் கேட்பவர் நீங்களாக இருக்க வேண்டாம். அண்ணனிடம் தம்பி கேட்டால் உரிமையாகத் தெரிவது, தம்பி மனைவி கேட்டால் கணக்குப் பார்ப்பதாகத் தெரிந்துவிடும். இது நியாயமில்லை என்றாலும் நம் வீடுகளில் நிலைமை இன்னும் இப்படித்தான் இருக்கிறது. ‘எந்த ரயிலில் வருகிறீர்கள், திரும்புவதற்கும் டிக்கெட் எடுத்தாகிவிட்டதா, இல்லையென்றால் நான் எடுத்துவிடட்டுமா’ என்று உங்கள் கணவர் கேட்டால், அது அக்கறையான விசாரிப்பாகவும் இருக்கும், உங்களுக்கு வேண்டிய தேதியும் தானாகவே வந்து விழும்.

தண்ணீரைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நகர்ப்புறக் குடிநீர்த் திட்டங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கணக்கிடுவது வழக்கம். அந்தக் கணக்கின்படி நால்வர் கூடினால் ஒரு நாளுக்கு 540 லிட்டர் கூடுதலாகத் தேவைப்படும். ஆயிரம் லிட்டர் தொட்டி அவர்களுக்கு மட்டுமே இரண்டு நாள் முழுதாக வராது. ஆகவே விருந்தினர் வரும் தேதியைக் குடியிருப்போர் சங்கத்திடம் முன்கூட்டியே தெரிவித்து, கூடுதல் லாரிக்கான பங்கைத் தருவதாகவும் சொல்லிவிடுவது, பின்னால் மாடிப்படியில் நின்று பதில் சொல்லிக்கொண்டிருப்பதைத் தவிர்க்கும். குளியலறையில் ஷவரை விட்டுவிட்டு வாளியையும் குவளையையும் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, படிநிலையாகக் கணக்கிடப்படுவதால், இரண்டு அறைகளிலும் விடிய விடிய ஏசி ஓடினால் மேல்படிக்குப் போய்விடும். ஓர் அறையில் மட்டும் ஏசியைப் போட்டு, பெண்களும் பிள்ளைகளும் அங்கே பாய் விரித்துப் படுத்துக்கொள்ளலாம். ஆண்கள் கூடத்தில் மின்விசிறிக்கடியில் படுக்கட்டும். வருடத்தில் பத்து நாள் அப்படிப் படுப்பதால் யாருக்கும் கௌரவம் குறைந்துவிடாது.

கேள்வி: திருச்சியில் மாமனார் மாமியாரோடு கூட்டுக்குடும்பமாக இருக்கிறோம். ஒவ்வொரு மே மாதமும் இரண்டு நாத்தனார்களும் பிள்ளைகளோடு வந்துவிடுகிறார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் பன்னிரண்டு பேருக்குச் சமைத்து முடிப்பதற்குள் விடுமுறை தீர்ந்துவிடுகிறது. தஞ்சாவூரில் இருக்கும் என் அம்மா வீட்டுக்குப் போய்த் தங்க முடிவதே இல்லை. இதை மாமியாரிடம் எப்படிச் சொல்வது?

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு குறைகள் இருக்கின்றன: ஒன்று உழைப்பு, மற்றொன்று தாய்வீடு. இரண்டாவதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் உழைப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அது சச்சரவாக மாறி, தாய்வீட்டுப் பேச்சையும் சேர்த்து விழுங்கிவிடும்.

தஞ்சாவூர் பக்கத்தில் இருப்பதே உங்களுக்கு வினையாகிவிட்டது என்று நினைக்கிறேன். தூரத்து ஊரில் தாய்வீடு இருக்கும் மருமகளுக்குப் பத்து நாளாவது கிடைக்கும். ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணத்தில் தாய்வீடு இருப்பவளுக்கோ ‘காலையில் போய்விட்டுச் சாயங்காலம் வந்துவிடேன்’ என்பதுதான் கிடைக்கும். காலையில் போய் மாலையில் திரும்புவது அம்மாவை நலம் விசாரிப்பதாகுமே தவிர, அம்மா வீட்டில் இருப்பதாகாது. அங்கே ஒரு பகல் தூக்கம்கூட மிஞ்சாது. இந்த வேறுபாட்டை உங்கள் கணவர் உணரும்படி முதலில் அவரிடம் சொல்லுங்கள்.

பள்ளி விடுமுறை ஏப்ரல் பிற்பகுதியில் தொடங்கி ஜூன் தொடக்கம் வரை இருக்கிறது. அதில் முதல் பத்து நாளையோ கடைசிப் பத்து நாளையோ உங்களுடையதாக வைத்துக்கொண்டு, மாமியாரிடம் போவதற்கு முன் நாத்தனார்களுக்கு அதைத் தெரிவித்துவிடுங்கள். அவர்களும் தத்தம் வீடுகளில் மாமியாரிடம் சொல்லிவிட்டுத்தான் உங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். உங்கள் நிலையை அந்த வீட்டில் வேறு யாரையும்விட நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் அவர்களே. ‘அண்ணி இந்தத் தேதியில் போகிறாள், நாங்கள் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறோம்’ என்று மகள்கள் வாயாலேயே சொல்லவைத்துவிட்டால் மாமியாரும் மறுக்க மாட்டார். அவரிடம் பேசும்போது ‘போகட்டுமா அத்தை’ என்று கேட்காதீர்கள். ‘இருபத்து மூன்றாம் தேதி கிளம்புகிறேன் அத்தை, உங்களுக்கு என்ன வாங்கிவரட்டும்’ என்று சொல்லுங்கள்.

இனி உழைப்பு. ‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்ற பழமொழியை வந்தவர்களைக் கிளப்புவதற்கென்று சொல்லாமல் சமையலுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் வடையும் பாயசமும் கோழிக்குழம்பும் இருக்கட்டும்; நான்காம் நாள் முதல் வீட்டில் வழக்கமாக என்ன உண்டோ அதுதான் எல்லாருக்கும். இரவுக்கு எலுமிச்சைச் சாதம், தயிர்ச்சாதம், வறுத்த அப்பளம் என்று ஒருவேளைச் சமையலைச் சுருக்கினால் பிள்ளைகள் மகிழ்வார்கள், பெரியவர்கள் பழகிக்கொள்வார்கள். திருச்சி வெயிலில் மாவு நான்கைந்து மணி நேரத்திலேயே பொங்கிப் புளித்துவிடும் என்பதால், ஒரேயடியாக ஆட்டிவைக்காமல், பொங்கியவுடன் பாதியைக் குளிர்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

ஆண்களுக்கு என்று நிலையான வேலைகளைப் பிரித்துக் கொடுங்கள்: காய்கறி வாங்குவது, குடிநீர்க் கேன் மாற்றுவது, சாப்பிட்டபின் இலை எடுத்து இடத்தைத் துடைப்பது, இரவுப் பாத்திரம். ஐபிஎல் ஆட்டம் பார்த்துக்கொண்டே இரண்டு கிலோ சின்ன வெங்காயம் உரிக்கலாம். கண்ணீர் வந்தால் தோற்ற அணிக்காக என்று சொல்லிக்கொள்ளட்டும்.

கேள்வி: சேலத்திலிருந்து குடும்பத்தோடு திருநெல்வேலிக்குச் செல்ல ஒவ்வொரு ஆண்டும் கடைசி நேரத்தில் டிக்கெட் கிடைக்காமல் தவிக்கிறோம். எப்போது முன்பதிவு செய்வது?

பதில்: முன்பு 120 நாளாக இருந்த ரயில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 60 நாளாகக் குறைக்கப்பட்டுவிட்டது, பயண நாள் இந்தக் கணக்கில் சேராது. மே 10ஆம் தேதிப் பயணத்துக்கு மார்ச் 11 அன்று காலை 8 மணிக்கு முன்பதிவு தொடங்கும். திரும்பும் பயணத்துக்கும் அதேபோல் நாள் குறித்து வைத்துக்கொண்டு எடுத்துவிடுங்கள். முதல் கேள்வியை எழுதிய வாசகியைப் போன்றவர்கள் உங்களை மனத்துக்குள் வாழ்த்துவார்கள். 5 முதல் 12 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்குத் தனிப் படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம். தட்கல் முன்பதிவு பயணத்துக்கு முந்தைய நாள், ஏசி வகுப்புக்கு 10 மணிக்கும் மற்ற வகுப்புக்கு 11 மணிக்கும் திறக்கிறது. ஆனால் கோடை விடுமுறையில் தட்கலை நம்பி நான்கு பேர் கொண்ட குடும்பம் பெட்டியைக் கட்டக் கூடாது.

கேள்வி: மதுரையில் வைகைக் கரையை ஒட்டி எங்கள் வீடு இருக்கிறது. அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தைய இரவு, உறவினர்களும் அவர்களுடைய உறவினர்களுமாக, சொல்லாமலேயே இருபது பேர் வந்துவிடுகிறார்கள். என்ன செய்வது?

பதில்: கதவைத் திறந்து வையுங்கள். மற்றவர்களுக்குச் சொல்லும் தேதிக் கணக்கையெல்லாம் ஆற்றங்கரை வீட்டுக்காரரிடம் சொல்ல முடியாது. சித்திரைப் பௌர்ணமிக்கு முந்தைய இரவில் அந்தப் பகுதியில் வீடு வைத்திருப்பவருக்கு அது பேறும் பொறுப்பும் ஆகும். வருகிறவர்கள் படுக்க வரவில்லை; கால் நீட்டி இரண்டு மணி நேரம் உட்கார இடமும், முகம் கழுவத் தண்ணீரும், கழிப்பறையும்தான் அவர்களுக்கு வேண்டும். சாம்பார் அந்தப் புழுக்கத்தில் நிற்காது. புளியோதரையைப் பிற்பகலிலேயே கிளறிவைத்து, ஒரு பானை நீர்மோரைக் கூடத்தின் ஓரத்தில் வைத்துவிட்டால், நீங்கள் பரிமாற நிற்காமல், அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையைப் பார்க்கப் போய்விடலாம். பூட்ட வேண்டிய அறையை மட்டும் மாலையிலேயே பூட்டிவிடுங்கள். ஆள் வந்தபின் பூட்டினால்தான் வருத்தம் வரும்.

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் நானும் மனைவியும் மட்டும் இருக்கிறோம். பெங்களூரில் வளரும் பேரப்பிள்ளைகள் மூவர் வருகிறார்கள். கையிலிருந்து கைபேசியைக் கீழே வைப்பதில்லை. அவர்களை எப்படிப் பழக்குவது?

பதில்: ஐயா, பிடுங்காதீர்கள், பிடுங்கினால் தாத்தா வீடு பள்ளிக்கூடமாகிவிடும். கைக்கு வேறு வேலை கொடுங்கள். நுங்கு தின்று முடித்த கூந்தல்களை, அதாவது வெறும் மட்டைகளை, எறிந்துவிடாமல், இரண்டைக் குச்சியில் கோத்துக் கவைக்கம்பால் தள்ளிப்போகும் நுங்கு வண்டி செய்யக் கற்றுக்கொடுங்கள். அதை முதல் நாள் நீங்களே தெருவில் ஓட்டிக் காட்டினால்தான் பிள்ளைகள் நம்புவார்கள். ஆச்சி மொட்டைமாடியில் கூழ்வற்றல் பிழியும்போது, துணியைப் பிடிக்கவும் காக்கை விரட்டவும் ஆள் தேவைப்படும். அந்தக் காவலுக்குப் பாதி காய்ந்த வற்றலைக் கூலியாகக் கொடுத்தால் மூவரும் போட்டி போடுவார்கள். நண்பகல் பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை வெளியே விடாமல், அந்த வேளையைத் தாயத்துக்கும் பல்லாங்குழிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். இரவில் அரை மணி நேரம் கைபேசி பார்க்கட்டும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். தாமிரபரணியில் கோடையில் தண்ணீர் குறைவாகத் தெரிந்தாலும் மணல் அள்ளிய பள்ளங்களும் பாறை இடுக்குகளும் கண்ணுக்குத் தெரியாது. நீச்சல் தெரியாத நகரத்துப் பிள்ளைகளை, எப்போதும் ஊர்க்காரர்கள் குளிக்கும் படித்துறையில், பெரியவர் ஒருவர் தண்ணீருக்குள் இறங்கி நின்றால் மட்டுமே குளிக்க விடுங்கள். கரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே பார்ப்பது காவல் ஆகாது. குற்றாலத்துக்கு அழைத்துப்போவதாக மே மாதத்தில் வாக்குக் கொடுக்க வேண்டாம். சீசன் பொதுவாக ஜூனில்தான் தொடங்குகிறது.

கேள்வி: கோயம்புத்தூரில் வசிக்கிறேன். தம்பி, தங்கை குடும்பங்கள் வந்தால் ஊட்டிக்குப் போகாமல் திரும்புவதில்லை. மூத்தவன் என்பதால் வேன் வாடகை முதல் பிள்ளைகள் கேட்கும் சாக்லேட் வரை நானே கொடுக்கிறேன். வாய்விட்டுக் கேட்க முடியவில்லை.

பதில்: கேட்க வேண்டாம், பிரித்துக்கொடுங்கள். வீட்டுக்குள் ஆகும் செலவு உங்களுடையது. அதில் பங்கு கேட்டால் நன்றாக இருக்காது. வீட்டுக்கு வெளியே ஆகும் செலவு எல்லாருடையது. வேன் பேசுவதற்கு முன்பே, ‘வேனை நான் பார்த்துக்கொள்கிறேன், அறை தம்பி பார்த்துக்கொள்ளட்டும், சாப்பாடு மாப்பிள்ளை’ என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிடுங்கள். தம்பிக்கு வருமானம் குறைவு என்றால் அவருக்குச் சிறிய பங்கை ஒதுக்குங்கள், ஆனால் ஒதுக்காமல் விட்டுவிடாதீர்கள். எதுவுமே கொடுக்காமல் கூட வருவது அவருக்கும் சுகமாக இருக்காது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் முதல் வெளி மாவட்ட வாகனங்கள் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் நடைமுறை வந்திருக்கிறது. அதற்குப் பதிவு செய்யும் பொறுப்பைத் தங்கையின் கல்லூரி வயது மகனிடம் ஒப்படைத்துவிடலாம்.

கேள்வி: இன்சுலின் போட்டுக்கொள்ளும் என் அம்மாவை அழைத்துக்கொண்டு, புதுச்சேரியில் இருக்கும் என் தோழி வீட்டில் ஒரு வாரம் தங்கப் போகிறேன். அம்மா தன் நோயைப் பிறர் வீட்டில் சொல்லக் கூடாது என்கிறார்.

பதில்: தோழியிடம் நீங்கள் கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், அப்படிச் சொன்னதை அம்மாவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதில்லை. பிரிக்காத இன்சுலின் குப்பிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் வைக்க வேண்டும் என்பதால் தோழியின் குளிர்பெட்டியில் அதற்கு இடம் வேண்டும். உறைபனிப் பகுதியில் வைத்துவிட்டால் மருந்து பயனற்றுப்போகும் என்பதையும் அந்த வீட்டில் ஒருவராவது தெரிந்திருக்க வேண்டும். பயணத்தில் குளிர்காப்புப் பையில் எடுத்துச்செல்லுங்கள், பனிக்கட்டி நேரடியாகக் குப்பியின் மேல் படக் கூடாது. வெயிலில் நிறுத்திய காரில் பையை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

அதைவிட முக்கியமானது சாப்பாட்டு நேரம். விருந்தினர் வந்த வீட்டில் மதியச் சாப்பாடு பேச்சோடு பேச்சாக இரண்டரை மணிக்குத் தள்ளிப்போவது வழக்கம். இன்சுலின் போட்டுக்கொண்டு காத்திருப்பவருக்குச் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்துவிடும். தோழிக்குத் தெரிந்திருந்தால் அம்மாவுக்கு மட்டும் ஒரு மணிக்கே தட்டு வைத்துவிடுவார். அந்த வீட்டார் மாம்பழம் நறுக்கிக்கொண்டு வந்து நிற்கும்போதும், அம்மா மறுத்துக்கொண்டிருக்க வேண்டாம். மருத்துவர் அனுமதித்த அளவுக்கு ஒரு துண்டோ இரண்டு துண்டோ மட்டும் அவர் பக்கம் வரும்.