அசிட்டோன் கேட்டேன், தின்னர் கொடுத்தார்கள்: இரண்டும் ஒன்றா?

கேள்வி: பழைய பசைக் கறையைத் துடைக்க ஒரு லிட்டர் அசிட்டோன் கேட்டேன். கடையில் 'தின்னர்' என்று எழுதிய கேனைக் கொடுத்து, "ரெண்டும் ஒண்ணுதான், விலையும் கம்மி" என்றார்கள். வாங்கி வந்துவிட்டேன். உண்மையிலேயே ஒன்றுதானா?

பதில்: ஒன்றில்லை. அசிட்டோன் என்பது பசை போன்றவற்றைக் கரைக்கும் திரவம், ஒரே ஒரு பொருள். எங்கே வாங்கினாலும் அதன் கொதிநிலை 56 டிகிரி செல்சியஸ்தான். ஒரு லிட்டர் எடை 790 கிராம் அளவில்தான் இருக்கும். தின்னர் அப்படி இல்லை. பெயிண்டையோ லாக்கர் என்னும் பளபளப்புப் பூச்சையோ இளக்குவதற்காகக் கலந்து வைத்த எந்தக் கலவைக்கும் அந்தப் பெயர் உண்டு. உள்ளே டொலுயீன் இருக்கலாம், மெத்தனால் இருக்கலாம், பியூட்டைல் அசிடேட் இருக்கலாம், கொஞ்சம் அசிட்டோனும் இருக்கலாம். எது எவ்வளவு என்பது தயாரிப்பவரைப் பொறுத்தது.

இதில் உடம்புக்கு ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. கரைப்பான்களில் அசிட்டோன் ஓரளவு நச்சு குறைந்தது. நம் உடம்பே கொழுப்பை எரிக்கும்போது சிறிதளவு அசிட்டோனை உண்டாக்கி, மூச்சிலும் சிறுநீரிலும் வெளியேற்றுகிறது. டொலுயீன் நரம்பு மண்டலத்தைத் தாக்கும். கர்ப்பிணிகள் அதன் ஆவி படும் இடத்தில் இருக்கவே கூடாது. மெத்தனால் வயிற்றுக்குள் போனால் கண் பார்வையையே பறித்துவிடும். "ரெண்டும் ஒண்ணுதான்" என்று கேனைக் கையில் திணிக்கும்போது இதை யாரும் சொல்வதில்லை. அதுதான் எனக்கு வருத்தம்.

கையில் இருப்பது என்ன என்று ஓரளவு கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. வெட்டவெளியில், ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் எடுத்து, அதில் சில துளி விடுங்கள். அசிட்டோன் தண்ணீரோடு முழுக்கக் கலந்து தெளிவாகவே நிற்கும். டொலுயீன் கலந்த தின்னர் பால் போலக் கலங்கும், அல்லது மேலே தனிப் படலமாக மிதக்கும். கலங்கினால் அது சுத்தமான அசிட்டோன் இல்லை. ஆனால் கலங்காவிட்டால் சுத்தம் என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். மெத்தனாலும் தண்ணீரில் கலந்துவிடும்.

அடுத்த முறை லேபிளில் சிஏஎஸ் எண் (ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் உள்ள அடையாள எண்) 67-64-1 இருக்கிறதா என்று பாருங்கள். மொழி எதுவானாலும் அசிட்டோனுக்கு இந்த எண்தான். கூடவே தீச்சுடர் படமும் ஆச்சரியக்குறிப் படமும் இருக்க வேண்டும். லேபிளே இல்லாமல் ஊற்றிக் கொடுப்பதை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.

கேள்வி: 'அசிட்டோன் இல்லாதது' என்று போட்ட நெயில் பாலிஷ் ரிமூவர் வாங்கினேன். தீப்பிடிக்காது என்று நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். அதில் பெரும்பாலும் அசிட்டோனுக்குப் பதிலாக எத்தில் அசிடேட் இருக்கும். நகத்தை அவ்வளவாக உலர்த்தாது, அது சரி. ஆனால் அதுவும் எளிதில் தீப்பற்றும் திரவம்தான். விளக்கு, ஊதுவத்தி, அடுப்பு எதன் பக்கத்திலும் திறக்காதீர்கள்.

கேள்வி: அசிட்டோனை அறைக்குள் வைத்து வேலை செய்யலாமா? சன்னல் ஒன்று திறந்துதான் இருக்கிறது.

பதில்: ஒரு துளியைப் புறங்கையில் விட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஜில்லென்று ஒரு குளிர்ச்சி, சில நொடியில் துளி காணாமல் போய், தோல் வெள்ளையாக வறண்டு நிற்கும். அவ்வளவு வேகமாக ஆவியாகிறது. அந்த ஆவி காற்றைப் போல 2 மடங்கு கனம். அதனால் மேலே போகாமல் தரையோடு தவழும். நீங்கள் மேசையில் துடைத்துக்கொண்டிருக்க, அது கதவிடுக்கு வழியாகப் பக்கத்து அறை அடுப்புவரை போகும். அங்கே பற்றினால் தீ வந்த வழியே உங்களிடம் திரும்பி ஓடிவரும்.

அசிட்டோன் தீப்பற்றும் ஆவியை விடத் தொடங்கும் வெப்பநிலை மைனஸ் 20 டிகிரி. அதாவது ஃப்ரீசர் குளிரில்கூட அது அடங்கி இருக்காது. ஒரு கணக்குச் சொல்கிறேன். காற்றில் 2.5 சதவீதம் ஆவி சேர்ந்தாலே ஒரு பொறி போதும். ஒரு லிட்டர் அசிட்டோன் முழுக்க ஆவியானால் சுமார் 330 லிட்டர் ஆவி. அது 13 கன மீட்டர் காற்றைப் பற்றக்கூடியதாக்கும். கிட்டத்தட்ட ஒரு சின்ன அறை.

அதனால் என் பதில், வெளியே போய்ச் செய்யுங்கள். முடியவே முடியாது என்றால் எதிரெதிரே இரண்டு சன்னலைத் திறந்து, பஞ்சில் நனையும் அளவு மட்டும் எடுத்து, உடனே மூடியைத் திருகிவிட்டு வேலை செய்யுங்கள். சாதாரண எக்சாஸ்ட் ஃபேனை நம்பாதீர்கள், அதன் மோட்டாரே பொறி விடலாம். கொட்டிவிட்டால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. தலை சுற்றினால் முதலில் வெளியே வாருங்கள், கறை அப்புறம் போகட்டும்.

கேள்வி: எதன்மேல் பட்டால் கெட்டுப்போகும்?

பதில்: என் மூக்குக்கண்ணாடி போன கதை இது. ஃப்ரேமில் ஒட்டியிருந்த பசையை எடுக்க அசிட்டோன் தொட்ட பஞ்சால் ஒரே ஒரு தடவை துடைத்தேன். பளபளப்பு போய், வெள்ளைத் திட்டு விழுந்து, என் விரல் ரேகைகூட அதில் பதிந்துவிட்டது. ஃப்ரேம் செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக் என்பது பிறகுதான் தெரிந்தது. தெர்மோகோல், அக்ரிலிக், ஏபிஎஸ் பிளாஸ்டிக், அசிடேட் துணி, மரச்சாமான் வார்னிஷ் எல்லாமே இப்படித்தான். கண்ணாடி, எஃகு, பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் போன்றவை தாங்கும். சந்தேகம் இருந்தால் கண்ணில் படாத மூலையில் ஒரு துளி வைத்துப் பாருங்கள்.

மெல்லிய நைட்ரைல் கையுறையும் அசிட்டோனுக்குச் சில நிமிடங்கள்தான் தாங்கும். நனைந்தவுடன் கழற்றி மாற்றுங்கள். நெடுநேர வேலைக்குப் பியூட்டைல் ரப்பர் கையுறைதான் சரி.

கேள்வி: மிச்சத்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக் அசிட்டோனில் மங்கி, வெடிப்பு விட்டுக் கசியும். அதைவிட முக்கியம், பார்த்தால் தண்ணீர் மாதிரியே இருக்கும். தாகத்தில் யாராவது எடுத்துக் குடித்துவிடுவார்கள். வந்த கேனிலேயே, லேபிளோடு, குழந்தைகள் கைக்கு எட்டாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள். பிளீச்சிங் திரவம், ஹைட்ரஜன் பெராக்சைடு இரண்டும் அதன் பக்கத்திலேயே வேண்டாம். கலந்தால் ஆபத்தான பொருள்கள் உண்டாகும். சாக்கடையிலும் ஊற்றாதீர்கள்.

யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடலாம். கண்ணில் தெறித்தால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவுங்கள். இரண்டுக்குமே உடனே மருத்துவரிடம் போங்கள், போகும்போது அந்தக் கேனையும் எடுத்துச் செல்லுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் அவர் முதலில் கேட்பார்.