நம்பிக்கை வாக்கெடுப்பு என்றால் என்ன, அதை ஏன் சட்டமன்றத்திலேயே நடத்த வேண்டும்?

முதலமைச்சருக்குச் சட்டமன்றத்தின் ஆதரவு இருக்கிறதா என்பதை, உறுப்பினர்கள் அவையிலேயே வாக்களித்துத் தீர்மானிப்பதுதான் நம்பிக்கை வாக்கெடுப்பு. அமைச்சரவை சட்டமன்றத்துக்கே கூட்டாகப் பொறுப்பு என்று அரசியலமைப்பின் 164ஆவது பிரிவு கூறுவதே இதற்கு அடிப்படை.

கர்நாடகத்தில் 1989ஆம் ஆண்டு, ஆதரவை விலக்கிக்கொண்டதாகச் சில உறுப்பினர்கள் கொடுத்த கடிதங்களை நம்பி ஆளுநர் அறிக்கை அனுப்ப, அவையில் பெரும்பான்மையை நிரூபிக்கிறேன் என்று முதலமைச்சர் எஸ்.ஆர். பொம்மை கேட்டும் வாய்ப்பளிக்காமல், அவருடைய அரசு கலைக்கப்பட்டது. அக்கடிதங்களைக் கொடுத்தவர்களில் சிலர் உடனேயே மனம் மாறியிருந்தனர் என்பது இங்கே கவனிக்கத்தக்கது. பெரும்பான்மையைச் சோதிக்க வேண்டிய இடம் ஆளுநர் மாளிகையல்ல, சட்டமன்றமே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 1994இல் தீர்ப்பளித்தது. கூட்டுக் கடையின் கல்லாவில் எவ்வளவு இருக்கிறது என்ற தகராறு, பங்காளிகள் அனைவர் முன்னிலையிலும் அதைத் திறந்து எண்ணினால்தான் தீரும். ஒருவர் காதில் இன்னொருவர் சொன்ன கணக்கு போதாது.

மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் வாக்குகள் கட்டாயம் தேவை என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் வந்திருந்து வாக்களித்தவர்களில் பெரும்பான்மை இருந்தாலே போதும். 224 இடங்கள் கொண்ட கர்நாடகச் சட்டமன்றத்தில் 2019 ஜூலையில் அப்போதைய முதலமைச்சர் குமாரசாமியின் அரசு, ஆதரவாக 99, எதிராக 105 என்ற கணக்கில் தோற்றது; எதிர்த்த 105 வாக்குகளும் மொத்த இடங்களில் பாதிக்குக் குறைவுதான்.