முகவர் கமிஷன் கணக்கும் அவர் செய்யும் விளம்பரமும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தஞ்சாவூரில் சிறிய மென்பொருள் நிறுவனம் நடத்துகிறோம். மால்டாவில் உரிமம் பெற்று ஐரோப்பாவில் ஆன்லைன் கேசினோ நடத்தும் ஒரு வாடிக்கையாளர், தமக்கு ஆள் சேர்த்துத் தரும் அஃபிலியேட் முகவர்களை நிர்வகிக்க ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுத்துத் தரும்படி கேட்டிருக்கிறார். மூன்று நிறுவனங்கள் டெமோ காட்டிவிட்டன. மூன்றின் டேஷ்போர்டும் அழகாகவே இருக்கிறது. எதை வைத்து எடை போடுவது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தஞ்சாவூர்

பதில்: வேலையில் இறங்குவதற்கு முன் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை வழங்குவதை மட்டுமல்லாமல், அதற்கு உதவுவதையும் உடந்தையாக இருப்பதையும் தடை செய்கிறது. வெளிநாட்டிலிருந்து நடத்தப்படும் சேவைகளையும் அது குறிப்பிடுகிறது. ஆகவே வாடிக்கையாளரின் தளத்தில் இந்தியாவிலிருந்து யாரும் பதிவு செய்ய முடியாது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். தாங்கள் செய்யப்போகும் வேலை இந்தச் சட்டத்தின் முன் எப்படி நிற்கும் என்று ஒரு வழக்கறிஞரிடம் எழுத்துமூலம் கருத்துப் பெற்ற பிறகே முன்பணம் வாங்குங்கள்.

இனி மென்பொருளுக்கு வருவோம். டெமோவில் காட்டப்படுவது பெரும்பாலும் லாபம் வந்த மாதத்தின் கணக்குதான். தாங்கள் கேட்க வேண்டியது கேசினோவுக்கு நஷ்டம் வந்த மாதத்தின் கணக்கை. முகவருக்குப் பணம் இரண்டு வழிகளில் போகிறது. ஒன்று, அவர் அனுப்பிய ஆள் பதிவு செய்து முதல் முறை பணம் கட்டியதும் ஒரே தடவையாகத் தரப்படும் தொகை. மற்றொன்று, அந்த ஆள் தோற்கும் பணத்தில் மாதந்தோறும் தரப்படும் பங்கு. இரண்டையும் கலந்து தருபவர்களும் உண்டு. தகராறு பெரும்பாலும் பங்குக் கணக்கில்தான் வருகிறது.

ஒரு தாளில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு முகவருக்கு 30 சதவீதப் பங்கு. அவர் மூலம் மூன்று பேர் வந்திருக்கிறார்கள். முதல் மாதம் ஒருவர் 4,000 யூரோவும் இன்னொருவர் 1,000 யூரோவும் தோற்கிறார்கள்; மூன்றாமவர் 8,000 யூரோ ஜெயிக்கிறார். முதல் இருவருக்குக் கொடுத்த போனஸ் 500 யூரோ. ஆக, கேசினோவுக்கு நிகரமாக 3,500 யூரோ நஷ்டம். அடுத்த மாதம் மூன்றாமவர் ஆடவில்லை. மற்ற இருவரிடமிருந்து 6,000 யூரோ நிகர வருவாய் வருகிறது. முந்தைய மாத நஷ்டத்தை அடுத்த மாதத்துக்குக் கொண்டுபோகலாம் என்ற ஒப்பந்தமானால், முகவருக்கு 2,500 யூரோவில் 30 சதவீதம், அதாவது 750 யூரோ மட்டுமே கிடைக்கும். கொண்டுபோகக் கூடாது என்றால் 1,800 யூரோ. பெரிய தொகை ஜெயித்தவரைத் தனிக் கணக்காகப் பிரித்து வைக்கும் ஒப்பந்தமானால், முதல் மாதமே 1,350 யூரோ கொடுத்தாக வேண்டும், இரண்டாம் மாதம் 1,800 யூரோ. ஆட்டம் ஒன்றுதான், முகவருக்குச் சேரும் தொகை ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறுகிறது. இந்த மூன்று ஒப்பந்தங்களையும் தங்கள் கண் முன்னால் மென்பொருளில் பதிந்து, இதே விடைகளை வரவழைத்துக் காட்டச் சொல்லுங்கள். அடுத்ததாக, ஒரு முகவரின் பங்கை மாதத்தின் 15ஆம் தேதி 30இலிருந்து 35 ஆக மாற்றச் சொல்லுங்கள். முதல் 14 நாட்களின் கணக்கும் சேர்ந்து மாறிவிட்டால் அந்த மென்பொருளை அத்துடன் விட்டுவிடலாம்.

தேதி என்றதும் நேர வித்தியாசத்தையும் சொல்லியாக வேண்டும். குளிர்காலத்தில் மால்டா நம்மைவிட நாலரை மணி நேரம் பின்தங்கியிருக்கிறது, கோடையில் மூன்றரை மணி நேரம். தஞ்சாவூரில் ஜனவரி 1 அதிகாலை 2 மணிக்குத் தாங்கள் செய்யும் சோதனைப் பதிவு, அங்கே டிசம்பர் 31 இரவு 9.30 மணிக்கு விழும். கேசினோ தளம் ஒரு நேரத்தையும் முகவர் மென்பொருள் இன்னொரு நேரத்தையும் பின்பற்றினால் மாதக் கடைசியில் இரண்டு கணக்குகளும் ஒத்துவராது.

ஆளை அனுப்பிய முகவர் யார் என்பதை, உலாவியில் பதியும் சிறு அடையாளக் கோப்பான குக்கியை மட்டும் நம்பிக் கண்டறியும் முறை இன்று போதாது. சஃபாரி உலாவி 2017 முதலே பிற தளங்களின் குக்கிகளைக் கட்டுப்படுத்தி வருகிறது. ஒவ்வொரு கிளிக்குக்கும் தனி எண் கொடுத்து, பதிவும் பணம் கட்டலும் நடந்தவுடன் அந்த எண்ணை ஒரு சர்வர் இன்னொரு சர்வருக்கு நேரடியாகத் தெரிவிக்கும் போஸ்ட்பேக் வசதி கட்டாயம் இருக்க வேண்டும். அந்தத் தகவல் ஒருமுறை போய்ச் சேராவிட்டால் மறுபடி அனுப்புகிறதா, இரண்டு முறை போய்ச் சேர்ந்தால் இரண்டு கமிஷன் விழுகிறதா என்று சோதியுங்கள். தன் லிங்க் வழியாகத் தானே பதிவு செய்து கமிஷன் வாங்கும் முகவரை மென்பொருள் அடையாளம் காண்கிறதா என்பதையும் பாருங்கள்.

இவை எல்லாவற்றையும்விட நான் முக்கியமாகக் கருதுவது, முகவர் மக்களிடம் என்ன சொல்லி ஆள் சேர்க்கிறார் என்பதை அந்த மென்பொருள் எவ்வளவு தூரம் காட்டுகிறது என்பதே. பிரிட்டனில் 2017 செப்டம்பரில் விளம்பரத் தர ஆணையம், முகவர்கள் வெளியிட்ட ஒரு விளம்பரத்துக்காக லாட்புரோக்ஸ், 888, ஸ்கை வேகாஸ், கசூமோ ஆகிய நான்கு ஆன்லைன் சூதாட்டத் தளங்களுக்கும் எதிராகத் தீர்ப்பளித்தது. கடனில் தவித்த ஒருவர் கேசினோவில் ஜெயித்து மீண்டார் என்று செய்தியைப் போலவே எழுதப்பட்டிருந்த விளம்பரம் அது. எழுதியவர்கள் முகவர்கள், பதில் சொல்ல வேண்டியிருந்தது கேசினோக்கள். ஸ்கை பெட் என்ற பந்தய நிறுவனம் அதே மாதம் பிரிட்டனில் தன் முகவர் திட்டத்தையே மூடிவிட்டது. அதற்குச் சில மாதங்களுக்கு முன், தன் தளத்திலும் முகவர்களின் தளங்களிலும் வந்த தவறான விளம்பரங்களுக்காக பிஜிஓ என்ற ஆன்லைன் கேசினோ நிறுவனம் 3 லட்சம் பவுண்டு அபராதம் கட்டியது. ஆகவே, எந்த விளம்பரம் யாருக்கு எந்தத் தேதியில் அனுமதிக்கப்பட்டது, எந்தப் பக்கத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள், ஒரு முகவரின் கீழ் எத்தனை துணை முகவர்கள் இருக்கிறார்கள் என்பதையெல்லாம் பதிந்து வைக்காத மென்பொருள் தங்கள் வாடிக்கையாளருக்கு உதவாது. ஒரு முகவரின் அத்தனை லிங்க்குகளையும் ஒரே கட்டளையில் நிறுத்த முடிகிறதா என்பதை நிறுத்திப் பார்த்தே தெரிந்துகொள்ளுங்கள்.

நெட்ரெஃபர், இன்கம் ஆக்சஸ், மைஅஃபிலியேட்ஸ், அஃபில்கா என்று இத்துறையில் அறியப்பட்ட பெயர்கள் பல உண்டு. பெயரைப் பார்த்து முடிவெடுக்காமல், நாளை அந்த மென்பொருளை விட்டு விலகினால் எந்த ஆள் எந்த முகவர் மூலம் வந்தார் என்ற முழுப் பட்டியலும் கைக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். பங்குக் கணக்கு ஆண்டுக்கணக்கில் நீளக்கூடியது என்பதால், அந்தப் பட்டியல் இல்லாமல் வேறு மென்பொருளுக்கு மாறவே முடியாது.

கேள்வி: கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் கணக்கில் ஏறும் நேரம் பார்த்து, எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் என் அண்ணன் மகன் ஒரு பந்தய ஆப்பின் லிங்க்கை அனுப்புகிறான். யாராவது சேர்ந்தால் அவனுக்குக் கமிஷன் வருகிறதாம். கம்பெனிக்கு குராசோ தீவில் லைசென்ஸ் இருப்பதால் தவறில்லை என்கிறான். இது சரியா?
- ஒரு விவசாயி, மன்னார்குடி வட்டம்

பதில்: சரியில்லை, ஐயா. குராசோவின் உரிமம் குராசோவின் சட்டத்துக்கு உட்பட்டது. மன்னார்குடியில் செய்யும் விளம்பரத்துக்கு அது அனுமதியாகாது. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம் ஆன்லைன் சூதாட்டத்தை விளம்பரம் செய்பவருக்கு ஓராண்டு வரை சிறையோ 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. ரம்மி, போக்கர் ஆகிய இரண்டையும் குறித்த பகுதியை மட்டும் அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது, மற்றவை நிலைத்தன. 2025ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமோ, பணம் கட்டி ஆடும் எந்த ஆன்லைன் விளையாட்டின் விளம்பரத்துக்கும் இரண்டாண்டு வரை சிறையோ 50 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது. குழுவில் லிங்க் போடுவதும் விளம்பரம்தான்.

மேலே தஞ்சாவூர் வாசகருக்குப் போட்டுக் காட்டிய கணக்கை அண்ணன் மகனிடம் படித்துக் காட்டுங்கள். பங்குக் கமிஷன் என்றால் அவன் கைக்கு வரும் ஒவ்வொரு ரூபாயும், அந்தக் குழுவில் இருக்கும் சித்தப்பாவோ பங்காளியோ தோற்ற பணத்திலிருந்து வருவது. ஆறு மாதம் வயலில் நின்று சம்பாதித்தது அது. லிங்க்கை இன்றே நீக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே பணத்தை இழந்தவர்கள், ஆடியவருக்கு என்ன தண்டனையோ என்று பயந்து புகார் கொடுக்காமல் ஒதுங்க வேண்டாம். மத்தியச் சட்டம் ஆடியவரைத் தண்டிப்பதில்லை. தமிழ்நாட்டுச் சட்டத்தில் ஆன்லைன் சூதாட்டம் ஆடியவருக்கும் தண்டனை உண்டு என்பதால், தயக்கம் இருந்தால் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பணமோசடி நடந்திருந்தால் 1930 என்ற எண்ணில் உடனே புகார் கொடுக்கலாம்.

கேள்வி: சூதாட்டத்திலிருந்து தாமாகவே விலகிக்கொண்டவர்களுக்கு முகவர்கள் மறுபடி மின்னஞ்சல் அனுப்பாமல் தடுக்க மென்பொருளில் வழி உண்டா?
- கல்லூரி மாணவி, கும்பகோணம்

பதில்: உண்டு. பிரிட்டனில் கேம்ஸ்டாப் என்ற பொதுப் பட்டியல் இருக்கிறது. அதில் பெயர் பதிந்தவரை எந்தத் தளமும் ஆட விடக் கூடாது என்பது 2020 மார்ச் 31 முதல் ஆன்லைன் உரிமம் பெற்ற எல்லோருக்கும் கட்டாயம். ஆனால் முகவரிடம் இருக்கும் மின்னஞ்சல் பட்டியல் கேசினோவின் கையில் இல்லை. விலகியவர்களின் முகவரிகளைப் பிறர் படிக்க முடியாத குறியீடாக மாற்றி முகவருக்குக் கொடுத்து, ஒவ்வொரு முறை அனுப்புவதற்கு முன்பும் அவர் தம் பட்டியலை அதனுடன் ஒப்பிட்டு நீக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்யலாம். ஒப்பிட்டதற்கான பதிவு இல்லாத மாதத்துக்குக் கமிஷனை நிறுத்திவைக்கும் வசதியும் மென்பொருளில் இருந்தால்தான் முகவர்கள் அதைச் செய்வார்கள்.